நுரைக்கு ஊற்றிய எண்ணெய்

வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. பொன்னுதுரை சட்டையின் ஒரு கையை மாட்டிக்கொண்டு மறு கையை மாட்ட முடியாமல் கதவோரம் நின்றான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் யாரோ ஆணி அடித்து, பிடுங்காமல் போய்விட்டதுபோல் இருந்தது. இரவெல்லாம் புரண்டு படுக்கும்போது அந்த ஆணியும் புரண்டது.

"கமலா, இந்தக் கையைக் கொஞ்சம் உள்ள தள்ளி விடு."

கமலவேணி இடியாப்பம் பிழிந்த கையோடு வந்தாள். காலையில் காஜா பெராங் சாலையோரம் இடியாப்பம் விற்பது அவள் தொழில். மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கையால் அவன் கையைச் சட்டைக்குள் தள்ளினாள். அவன் பல்லைக் கடித்தான்.

"எண்ணெய் வெச்சு நீவி விட்டா எறங்கும்," என்றாள்.

"நீவேன்."

"எத வெச்சு நீவறது? போத்தல்ல எண்ணெய் இருந்தாத்தானே. எல்லாத்தையும் ஒங்க தொட்டிக்கே ஊத்தியாச்சு. பெத்த புள்ள வறட்டுத் தலையோட பள்ளிக்கூடம் போவுது. வாத்தியாரம்மா கேட்டாங்களாம், ஒங்க வீட்ல எண்ணெயே இல்லையான்னு. சந்திரமதி வந்து அழுவுறா."

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். பக்கத்து வீட்டு ரஹீமாக்காகிட்ட கடனா வாங்கின டின்னும் தொட்டிக்குப் போயி பாதியாயிடுச்சு. தோசைக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன். நம்ம வீட்டுல தோசை சுட்டு எவ்வளவு நாளாவுதுன்னு அந்தக்கா பாத்துக்கிட்டுத்தான் இருக்கும்."

அவன் தகரக் குவளையில் இருந்த கோப்பியை நின்றபடியே குடித்துவிட்டு வெளியே போனான். விடியும்போது கடல் பக்கமிருந்து ஒரு சுமாத்ராக் காற்று வீசி, மழை பெய்வதுபோல் பாவனை காட்டிவிட்டுப் போயிருந்தது. மண் நனையவில்லை. புழுக்கம் மட்டும் கூடியிருந்தது.

வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் நாலு வாழையும்தான். வீடு ஆலையைச் சேர்ந்தது. ஆலை ஷரீஃபுதீன் ராவுத்தரைச் சேர்ந்தது. மலாக்காவின் ரொட்டிக்கடைகளுக்கு ஈஸ்ட் தயாரித்து விற்கும் சின்ன ஆலை. மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் அதுவரைக்கும் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெயிலில் வழியிலேயே பாதி செத்துவிடும். ராவுத்தர் ஒரு பழைய இரும்புத் தொட்டியை வாங்கி, அடியில் ஓட்டைக் குழாய் பதித்து, டீசல் இன்ஜின் ஒன்றால் காற்றடிக்க வைத்து, கரும்பாலையின் கறுப்புப் பாகில் ஈஸ்ட் வளர்க்கத் தொடங்கினார்.

பொன்னுதுரை தொட்டிக்காரன். பாகைக் கொட்டுவது, கரைப்பது, தொட்டி கழுவுவது எல்லாம் அவன் வேலை. ஆனால் ஆளைத் தின்கிற வேலை நுரை அடிப்பதுதான். அடியில் காற்றடிக்க அடிக்க மேலே நுரை கிளம்பும். பஞ்சு மூட்டையைப் பிரித்துவிட்டதுபோல் ஏறிக்கொண்டே இருக்கும். விட்டால் விளிம்பைத் தாண்டிச் சாக்கடைக்கு ஓடும். நுரையோடு பாகும் போகும், ஈஸ்டும் போகும். அதனால் விளிம்பைச் சுற்றிப் போட்ட பலகையில் நின்றுகொண்டு நீளத் துடுப்பால் நுரையை அடித்து அமுக்க வேண்டும். அடித்த இடத்தில் அமுங்கும், பக்கத்தில் எழும். பொழுதுக்கும் இதேதான். படகோட்டியாவது ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வான்.

தோள் போனபிறகு அவனால் அடிக்க முடியவில்லை. ஒருநாள் நுரை முழங்காலைத் தொட்டபோது, இடுப்பில் வைத்திருந்த எண்ணெய்ச் சீசாவை எடுத்தான். தோளில் தேய்க்கக் கமலவேணி கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய். ஈர்க்குமாற்றை அதில் நனைத்து நுரைமேல் உதறினான். அதட்டல் கேட்ட நாய்போல நுரை படுத்துவிட்டது. அவன் பலகையில் உட்கார்ந்து, பல வாரங்களுக்குப் பிறகு முதல்தடவையாகக் கையைத் தொங்கவிட்டான்.

அன்றிலிருந்து ஏணிக்குப் பின்னால் ஒரு பால் டின்னும் ஈர்க்குமாறும் இருந்தன. முதலில் சில சொட்டு. பிறகு ஒரு கிண்ணம். தோள் கெடக்கெட எண்ணெய் கூடியது.

ராவுத்தருக்குத் தெரிந்தால் வேலை போகும். காரணம் இருந்தது. முன்பு ஒரு ஏஜெண்டு நுரையை அடக்கும் மருந்தென்று ஒரு தகரம் கொண்டுவந்தான். உள்ளே என்ன என்று கேட்டதற்குப் பன்றிக் கொழுப்பெண்ணெய் என்றான். ராவுத்தர் அவனைத் தகரத்தோடு தெருவுக்கு அனுப்பினார். ஆனால் பேச்சு தெருவில் தங்கிவிட்டது. மலாய்க்கார ரொட்டிக்கடைகள் வாங்குவதை நிறுத்தின. ராவுத்தர் ஒவ்வொரு கடையாக ஏறி, பாகும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் தவிர என் தொட்டியில் ஒரு பொட்டு எண்ணெய்கூட விழாது என்று அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்லிவிட்டு வந்தார். தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி அவர்களிடமும் சொன்னார்.

இப்போது வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. கொஞ்ச நாளாகத் தொட்டியில் கள்ளு வாடை அடித்தது. ஈஸ்ட் குறைவாக வந்தது. வந்ததும் மாவைப் பொங்க வைக்கவில்லை. மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ரொட்டிக்கடைகள் பெரிய ஆர்டர் பிடித்திருந்தன. அந்த ஈஸ்டை இங்கே எடுப்பதா, பழையபடி சிங்கப்பூருக்கே எழுதுவதா என்று கடைக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஜின் கொட்டகையில் அலி அக்பர் எண்ணெய்த் துணியால் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஜினும் காற்று மெஷினும் அவர் பொறுப்பு. வேலிக்கு அந்தப்பக்கம் அவர் வீடு. ரஹீமா அவர் மனைவி.

"என்னா தொரே, ஒத்தக் கையோட வர்றே? இன்னொண்ண அடகு வெச்சிட்டியா?"

"கமலாக்கிட்ட இருக்கு பாய்."

"அப்ப மீட்க முடியாது. அங்க வட்டி ஜாஸ்தி." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு கெமிஸ்ட் வர்றாரு. சிங்கப்பூர்க்காரரு. காத்த அளக்கப் போறாராம்."

"காத்த எப்படி பாய் அளப்பாங்க?"

"எனக்கென்னா தெரியும். காத்துல வீடு கட்டுறவனையும் பாத்திருக்கேன். அளக்கிறவனையும் பாத்துடுவோம்."

ராவுத்தரின் கார் வந்து நின்றது. பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் மரப்பெட்டியை மடியிலிருந்து இறக்காமலே இறங்கினான். கருணாகரன் என்று பெயர். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ராவுத்தர் தொட்டிக்கு அருகில் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"பொன்னு, இங்க வா. நீ சம்பள நாள்ல குடிப்பே. ஊருக்கே தெரியும். நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல மொதலாளி."

"நான் ரொட்டி பொங்குறதுக்கு ஈஸ்ட் போடுறேன். கள்ளுக்கடை வெக்கல. காத்த நிறுத்தினா இது கள்ளாப் போயிடும்னு இவரு சொல்றாரு. எவனோ காத்த நிறுத்தி, வடிச்சு, சம்சு சாராயக்காரனுக்கு விக்கிறான்னு கடைத்தெருவுல பேசுறாங்க. அது நீயா இருந்தா இன்னிக்கே தெரிஞ்சுடும். தெரிஞ்சா வேலையும் இல்ல, வீடும் இல்ல. சட்டி பானையைத் தூக்கிட்டுப் பொண்டாட்டி புள்ளையோட கெளம்பிடணும்."

பொன்னுதுரை தொட்டியைப் பார்த்தான். "நான் காத்த நிறுத்தல மொதலாளி," என்றான். அது உண்மை.

கருணாகரன் நடுவில் வந்தான். "யாரையும் இப்ப குத்தம் சொல்ல வேணாம். ஈஸ்ட்டும் உசிருதான். மூச்சு விடக் காத்து கெடச்சா பாகைத் தின்னு பெருகும். கெடைக்கலேன்னா பெருகாம பாகைச் சாராயமாக்கிடும். மெஷின் எவ்வளவு காத்து அடிக்குதுங்கிறது கணக்கில்ல. அடிக்கிறதுல எவ்வளவு தண்ணியில கரையுதுங்கிறதுதான் கணக்கு. குமிழி மேல வந்து வெடிச்சுப் போனா அது காத்தோட போச்சு."

"கரையுறத எப்படிப் பாக்கிறது?" என்றார் ராவுத்தர்.

"கண்ணுக்குத் தெரியாது. ஒரு உப்ப வெச்சுப் பாக்கலாம்."

தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பச் சொன்னான். போட்டோ கழுவுகிறவர்கள் வைத்திருப்பதுபோன்ற ஒரு வெள்ளை உப்பைக் கரைத்தான். ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டான். காற்றில் இருக்கும் பிராணவாயு தண்ணீரில் இறங்க இறங்க அந்த உப்பு வேறொன்றாக மாறி அழியும் என்றான். உப்பு சீக்கிரம் அழிந்தால் காற்று நன்றாக இறங்குகிறது. உப்பு அப்படியே இருந்தால் காற்று வீண்.

"கஞ்சித் தண்ணி வேணும். ஜவ்வரிசி இருந்தாப் போதும்," என்றான்.

கமலவேணி ஜவ்வரிசி காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவந்தாள். கெமிஸ்ட்டுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று உப்பும் போட்டு வந்தாள். கருணாகரன் ருசி பார்த்துச் சிரித்தான். உப்பில்லாமல் மறுபடி காய்ச்சச் சொன்னான்.

இன்ஜின் ஓடியது. தொட்டி கொதிப்பதுபோல் குமிழி விட்டது. கடுகுபோல் பொடிக் குமிழிகள். தண்ணீர் பால்போல வெளுத்தது. கொஞ்ச நேரம் விட்டு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு, கஞ்சி விட்டு, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டான். உப்பு மிச்சமிருக்கும்வரை அயோடினின் பழுப்பு நிறம் விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். உப்பு தீர்ந்ததும் கஞ்சி நீலமாகிவிடும். ஒவ்வொரு தடவை மொண்டபோதும் சொட்டு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டு சொட்டிலேயே நீலம் பிடித்தது. சங்குப்பூ நீலம்.

"பிரமாதம்," என்றான் கருணாகரன். "காத்து நல்லாக் கரையுது. மெஷின் சரி, குழாயும் சரி."

அலி அக்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ராவுத்தர் அவரைப் பார்க்கவில்லை. பொன்னுதுரையைப் பார்த்தார்.

"காத்து சரி. அப்ப ஆளுதான்."

"அவசரப்பட வேணாம்," என்றான் கருணாகரன். "இன்ஜின் சூடானா எப்படின்னு பாக்கணும். மத்தியானம் வரைக்கும் ஓடட்டும். மறுபடி உப்பப் போட்டுப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை. ராவுத்தரும் அலி அக்பரும் ஜும்மாவுக்குப் போனார்கள். கருணாகரன் பண்டார் ஹிலிர் பக்கம் சாப்பிடப் போனான். தொட்டியைப் பார்த்துக்கொள்ளப் பொன்னுதுரை ஒருவன்தான் இருந்தான்.

கமலவேணி சோறு கொண்டுவந்தாள். கருவாட்டுக் குழம்பு. அவன் இடது கையால் சாப்பிட முயன்றான். அவள் பார்த்துவிட்டு உருட்டி வைத்தாள்.

"என்னா சொல்றாரு?"

"ஆளுதான்னு சொல்றாரு."

"எண்ணெய் ஊத்துறத சொல்லிடுங்களேன். தோளு போச்சு, அதான் ஊத்தினேன்னு சொன்னா கடிச்சா தின்னுடுவாரு?"

"கடை கடையாப் போயி சத்தியம் பண்ணிட்டு வந்திருக்காரு. நான் எண்ணெய்னு சொன்னா அவரு காதுல வேற எண்ணெயாத்தான் விழும். போன தீவாளிக்கு ஒங்கண்ணன் காட்டுப்பன்னி கொண்டாந்தானே, தெருவே பாத்துச்சு. அந்த அடுப்பு எண்ணெய்னு தெரிஞ்சா என்னா ஆவும்?"

"நான் தொட்டிக்குக் குடுத்தது புது எண்ணெய்."

"நீ சொல்லு. யாரு கேக்கப் போறா?"

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவனுக்கு உட்கார முடியவில்லை. ஏணியில் ஏறினான், இறங்கினான். இன்ஜின் கொட்டகைவரை போய்த் திரும்பினான். வெயில் தகரக் கூரைமேல் நின்று அமுக்கியது. இன்ஜின் சத்தம் பல்லுக்குள் அதிர்ந்தது.

மறுபடி மேலே ஏறியபோது தொட்டியில் நுரை எழுந்திருந்தது. கழுவியது போதவில்லை. ஓட்டைக் குழாய்க்குள் ஒட்டியிருந்த பழைய கசடு கரைந்து வந்திருக்க வேண்டும். வழக்கமான நுரை அளவுக்கு இல்லை. வழிந்தாலும் வெறும் தண்ணீர், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நுரை விளிம்பைத் தொட்டதும் அவன் கை தானாக ஏணிக்குப் பின்னால் போனது. பால் டின்னை எடுத்தது, ஈர்க்குமாற்றை முக்கியது, உதறியது. நுரை படுத்தது. டின்னை வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தபோதுதான் இன்றைக்குத் தொட்டியில் பாகு இல்லை என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. போனது போகட்டும், எண்ணெய் காற்றை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தான்.

மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். கருணாகரன் மறுபடி உப்பைக் கரைத்தான். மொண்டான். சொட்டு விட்டான். பழுப்பு மறைந்தது. இன்னும் விட்டான். மறைந்தது. காத்திருந்து மறுபடி மொண்டான். விட விட அயோடின் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. நீலம் வரவில்லை. புட்டியில் பாதி தீர்ந்தது.

"என்னா இது," என்றான் தனக்குள்.

"என்னா?" என்றார் ராவுத்தர்.

"உப்பு அப்படியே இருக்கு. காலையில கரைஞ்ச காத்துல பாதிகூட இப்பக் கரையல. அதே தண்ணி, அதே குழாய். சூட்டுல மெஷின் தளர்ந்திருக்கலாம். உள்ள வளையம் தேஞ்சிருக்கலாம். ஒருவேளை—"

ராவுத்தர் "ஒருவேளை"க்குப் பிறகு கேட்கவில்லை. "அலி பாய், வளையம் மாத்தணும்னு பணம் வாங்கினியே."

"மாத்தினேன் ராவுத்தரே. பழசக்கூட ஒங்ககிட்ட காட்டினேன்."

"எந்தப் பழச? எந்த இன்ஜினோட பழச?"

அலி அக்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "ஜும்மாவுல ஒரே வரிசையில நின்னுட்டு வந்தோம்," என்றார். "சத்தத்தக் கேளுங்க. அடி மாறியிருக்கா? மெஷின் தளர்ந்தா எனக்குக் காதுல தெரியும்."

"ஒன் காது எனக்கு வேணாம். கெமிஸ்ட் கண்ணு சொல்லுது. நாளைக்கு சீன மெக்கானிக் ஒருத்தன் வருவான். நீ சாவியைக் குடுத்துட்டுப் போ."

அலி அக்பர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். ராவுத்தரின் கையில் கொடுக்காமல் தொட்டி விளிம்பில் வைத்தார். போகும்போது பொன்னுதுரையைக் கடந்து போனார். "ஒன் பேரு சுத்தமாயிடுச்சு தொரே. போயி ஒத்தடம் குடு," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பொன்னுதுரை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். காலையில் கடுகுபோல் இருந்த குமிழி இப்போது கோழிமுட்டைபோல் பெரிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து வெடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் பால் வெளுப்பு இல்லை. மேலே எண்ணெய் கண்கண்ணாக மினுமினுத்தது. கள்ளு வாடை அடிக்கத் தொடங்கியது எப்போது என்று யோசித்தான். பால் டின்னை ஏணிக்குப் பின்னால் வைத்தது எப்போது என்றும் யோசித்தான்.

சாயங்காலம் மழை வந்தது. வீட்டுக்குள் அவன் நடந்துகொண்டே இருந்தான். இரண்டு அறைக்குள் நடக்க என்ன இருக்கிறது. சந்திரமதி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் கால் பட்டுவிடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

வேலியோரம் ரஹீமாவின் குரல் கேட்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். கமலவேணி வெளியே போனாள்.

"வேணி, அந்த எண்ணெய் டின்னு காலியாச்சா?"

"கொஞ்சம் இருக்குக்கா."

"இருக்கிறதக் குடுத்துடு. தப்பா நெனைக்காதே. இனிமே எண்ணெய வித்துத்தான் ஏதாவது பாக்கணும். இவரு மூஞ்சியப் பாக்க முடியல. பச்சத் தண்ணி குடிக்கல. வளையத்த வித்துத் தின்னவன்னு பேரு வந்துடுச்சேன்னு செவுத்தப் பாத்து உக்காந்திருக்காரு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் சத்தம் மாறுச்சா வேணி? ஒங்க வீட்டுக்குத்தான் நல்லாக் கேக்கும். சொல்லு."

"மாறலக்கா," என்றாள் கமலவேணி.

உள்ளே வந்து அவள் புருஷனைப் பார்த்தாள். ரஹீமாவின் எண்ணெய் வீட்டில் இல்லை, ஏணிக்குப் பின்னால் பால் டின்னில் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

அவன் சட்டை போடாமலே இறங்கினான். அவளும் பின்னால் வந்தாள்.

ஆலையில் கருணாகரன் புட்டிகளை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தான். ராவுத்தர் மழை விடக் காத்திருந்தார். பொன்னுதுரை ஏணிக்குப் பின்னால் போய்ப் பால் டின்னையும் ஈர்க்குமாற்றையும் எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தான்.

"மெஷின்ல ஒண்ணுமில்ல மொதலாளி. மத்தியானம் நான் இத ஊத்தினேன். நுரை வந்துச்சு, கை பழக்கத்துல ஊத்திட்டேன். இன்னிக்கு மட்டுமில்ல. தோளு போன நாள்லருந்து ஊத்துறேன்."

ராவுத்தர் டின்னுக்குள் பார்த்தார். முகம் கறுத்தது. "என்னா எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்."

கருணாகரன் ஈர்க்குமாற்றை வாங்கிப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்தான். "அதானா? எண்ணெய் பட்டா பொடிக் குமிழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாயிடும். பெருசு நிக்காது, சட்டுனு மேல வந்து வெடிச்சிடும். காத்து கரையவே நேரமில்ல. நுரை அடங்கும், ஈஸ்ட் மூச்சு முட்டிக் கள்ளாயிடும். நான் நல்ல தண்ணியில அளந்துட்டு எல்லாம் சரின்னு சொல்லிட்டேன். நீங்க வேலை செய்யுற தொட்டியில இதுவும் இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்? நானும் கேக்கல." ராவுத்தரிடம் திரும்பினான். "மெஷின் பேர்ல தப்பில்ல. எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டா பாதகமில்ல. இவரு கிண்ணக் கணக்குல ஊத்தியிருக்காரு."

ராவுத்தர் அதைக் காதில் வாங்கவில்லை. "யாரு வீட்டு எண்ணெய் பொன்னு? எனக்கு அது ஒண்ணு சொல்லு. கடைக்காரங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன். ஒங்க அடுப்புல காட்டுப்பன்னி வெந்தது. அந்த வீட்டு எண்ணெயா என் தொட்டியில போச்சு?"

பொன்னுதுரை வாயைத் திறந்தான். கமலவேணி முந்திக்கொண்டாள். "ரஹீமாக்கா வீட்டு எண்ணெய்."

"எல்லாமா?"

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். ராவுத்தர் குடையைக்கூட எடுக்காமல் வேலியைத் தாண்டி நடந்தார். அவர்கள் பின்னால் ஓடினார்கள்.

ரஹீமா விளக்கோடு வாசலுக்கு வந்தாள். ராவுத்தர் டின்னைத் தூக்கிக் காட்டினார். "இது ஒன் எண்ணெயா?"

"என் எண்ணெய்தான்."

"இதக் கொண்டுபோய்ப் பொன்னு தொட்டியில ஊத்தியிருக்கான். தோளு போன நாள்லருந்து ஊத்துறானாம். அதனாலதான் காத்து கரையல, ஒன் புருஷன் மெஷினால இல்ல. அது தீந்துது. எனக்கு வேற தெரியணும். ஊத்தினது பூராவும் ஒன் வீட்டு எண்ணெய்தானா? ஒரு சொட்டுகூட வேற அடுப்புலருந்து போகலியே? இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பாத்துச் சொல்லு."

ரஹீமா டின்னைப் பார்த்தாள். பிறகு ராவுத்தருக்குப் பின்னால் மழையில் நின்ற கமலவேணியைப் பார்த்தாள். அவள் கொடுத்தது ஒரே ஒரு டின். அதுவும் தோசைக்கு என்று கொடுத்தது. பொன்னுதுரையின் தோள் போனது அதற்கு எவ்வளவோ முன்னால்.

"பூராவும் எங்க வீட்டு எண்ணெய்தான்," என்றாள். "என் மரத்துத் தேங்கா. நானே காய்ச்சினது."

"தொட்டிக்குன்னு தெரிஞ்சா குடுத்தே?"

"தெரிஞ்சுதான் சும்மா குடுத்தேன். பாவம், தோளு வலின்னு வந்து நின்னாங்க."

உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த அலி அக்பர் தலையைத் தூக்கினார். ராவுத்தர் டின்னை வாசல்படியில் வைத்தார். நீண்ட மூச்சு விட்டார். "நாளைக்கு வந்து சாவிய எடுத்துக்க பாய்," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். திரும்பும்போது பொன்னுதுரையிடம், "நீ இனி தொட்டிப் பக்கம் போகாதே. பாகுப் பீப்பாய் உருட்டு. வீடு இருக்கட்டும்," என்றார்.

ராவுத்தர் போனபிறகும் அந்த வாசலில் நின்ற பொன்னுதுரைக்கும் கமலவேணிக்கும் உள்ளே பேசியது கேட்டது.

"நான் திருடன்னு பேரெடுத்து வந்து உக்காந்திருக்கேன். நீ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எனக்குச் சோறு போடுறே," என்றார் அலி அக்பர்.

ரஹீமா கதவைச் சாத்தினாள்.

மெர்டேக்கா ரொட்டிக்கான ஈஸ்ட் நன்றாகவே வந்தது. எண்ணெயை ராவுத்தரே சாவி போட்டு வைத்து, தன் கையால் தேக்கரண்டியில் ஊற்றினார். கடைகளுக்குப் போய், தேங்காயெண்ணெய், முஸ்லிம் வீட்டு எண்ணெய் என்று சொல்லிவிட்டும் வந்தார். நுரை அடிக்கத் தோள் நல்ல ஆள் ஒருவனைச் செங் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்தார். பொன்னுதுரை பாகுப் பீப்பாய்களை இடது தோளால் முட்டி உருட்டினான். கொடுத்த கூலி முன்பைவிடக் குறைவு. கொடியேற்றத்தைப் பார்க்க ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனது. சந்திரமதி பள்ளிக்கூடத்தில் கொடுத்த ரொட்டியைப் பாதி தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்தாள். கமலவேணி அதை அமுக்கிப் பார்த்தாள். நன்றாகப் பொங்கியிருந்தது.

அலி அக்பர் இன்ஜின் கொட்டகைக்குத் திரும்பியிருந்தார். பொன்னுதுரையிடம் பேசுவதில்லை. வீட்டிலும் பேசுவதில்லை என்று கேள்வி.

கமலவேணி இடியாப்பக் காசில் தேங்காய் வாங்கித் துருவி, பால் பிழிந்து, முற்றத்தில் காய்ச்சி ஒரு டின் எண்ணெய் எடுத்தாள். தூக்கிக்கொண்டு வேலிக்குப் போனாள். ரஹீமா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். டின்னைக் கண்டதும் அசையாமல் நின்றாள். திரும்பி வீட்டைப் பார்த்துவிட்டு வேலிக்கு அருகில் வந்தாள்.

"எடுத்துட்டுப் போ வேணி."

"வாங்கினதத் திருப்பித் தரணும்ல அக்கா. ஒங்களுக்கு நாங்க—"

"சும்மா குடுத்தேன்னு ராவுத்தர்கிட்ட சொல்லியிருக்கேன். சும்மா குடுத்தத யாரு திருப்பித் தருவாங்க? அவரு உள்ளதான் இருக்காரு. இத வாங்கினா, கடனாத்தான் போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் தொட்டிக்குப் போனது பூராவும் நம்ம எண்ணெய்தானான்னு ஒவ்வொண்ணாக் கேப்பாரு. பொய்ய மனசுல வெச்சுக்கிட்டு ராவுத்தர் பக்கத்துல தொழ நிக்கிற ஆளு இல்ல அவரு. நேராப் போய்ச் சொல்லிடுவாரு." உலர்த்தாத துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "போ."

கமலவேணி டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தாள். பொன்னுதுரையின் தோளுக்கும் அதைத் தொடவில்லை, பிள்ளையின் தலைக்கும் தொடவில்லை. இடியாப்ப அச்சுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் கடையில் காசுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். அவள் கணக்கில் ரஹீமாவுக்கு இன்னும் ஒரு டின் தேங்காயெண்ணெய் கொடுக்க வேண்டியிருந்தது.